எந்த டிஸ்க் போடலாம்? அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி

ஒரு சனிக்கிழமை மத்தியானம். ஒர்க்‌ஷாப்பில் எங்கள் கிளப் வண்டியின் சேசிஸுக்கு வெல்டிங் முடித்து, ஏஜி-4 மிஷினில் பீட் தேய்த்துக்கொண்டிருந்தோம். வாசலில் ஒரு ஜூனியர் வந்து நின்றான். கையில் ஒரு சைக்கிள் வீல். டயர், ட்யூப் எல்லாம் கழட்டிவிட்டு வெறும் வீலாகக் கொண்டுவந்திருந்தான்.

"அண்ணா, இந்த ரிம்மை கொஞ்சம் சொரசொரப்பா கிரைண்ட் பண்ணணும். எந்த டிஸ்க் போடலாம்? கட்டிங் வீலா, கிரைண்டிங் வீலா, இல்ல ஃபிளாப் டிஸ்க்கா?"

எதுக்குடா என்று கேட்டேன். ஹாஸ்டலில் இருந்து மெயின் கேட்டுக்கு இறங்கும் சரிவு நம் எல்லோருக்கும் தெரியும். முந்தின வாரம் மழை பெய்த அன்று, அந்தச் சரிவில் பிரேக் பிடித்தும் வண்டி நிற்காமல் கேட்டைத் தாண்டி ரோட்டுக்கே போய்விட்டானாம். எதிரே வந்த பஸ் டிரைவர் பிரேக் அடித்ததால் தப்பித்திருக்கிறான். அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து வீடியோ வீடியோவாகப் பார்த்திருக்கிறான். வெளிநாட்டில் சைக்கிள் சாகசம் செய்கிறவர்கள் ரிம்மை கிரைண்டரில் தேய்த்துவிடுகிறார்கள், அப்புறம் பிரேக் கல்லு மாதிரி பிடிக்கிறது என்று கண்டுபிடித்திருக்கிறான். டிஸ்க் எது என்பது மட்டும்தான் அவனுக்கு பாக்கி.

அவன் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது. கீழே விவரமாகவே சொல்கிறேன். ஆனால் இந்தக் கட்டுரையில் என் கருத்து வேறு. நம்மில் முக்கால்வாசிப் பேர் ஓட்டுகிற சைக்கிளுக்கு ரிம்மைத் தேய்ப்பது தவறான வைத்தியம். அது தெரியாமல் செய்து அடிபட்டவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

இது எங்கிருந்து வந்த பழக்கம்?

ரிம்மை கிரைண்டரில் தேய்ப்பது ட்ரையல்ஸ் என்ற சைக்கிள் விளையாட்டில் பிறந்த பழக்கம். மோட்டார்சைக்கிள் ட்ரையல்ஸில் இருந்து 1970களில் ஸ்பெயினில் கிளைத்தது இது. மோன்டேசா கம்பெனியின் பேரெ பி என்ற ரைடரும், பிறகு உலக சாம்பியன் ஆன அவர் மகன் ஓட் பியும் இதில் முன்னோடிகள். வேகம் இங்கே முக்கியமில்லை. பாறை, மரக்கட்டை, சுவர் என்று ஒன்றிலிருந்து ஒன்றுக்கு கால் தரையில் படாமல் தாவ வேண்டும். போட்டி வண்டிகள் பலவற்றில் சீட்டே இருக்காது. ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவுக்காரர் டேனி மெக்காஸ்கில் 2009இல் எடின்பரோ நகரத்தில் எடுத்த வீடியோ வந்தபிறகு, நம் ஊர் ஹாஸ்டல் அறைகள் வரைக்கும் இந்த விளையாட்டு தெரிந்துவிட்டது. கூரான இரும்பு வேலி மேல் சைக்கிள் ஓட்டுவாரே, அவர்தான்.

ட்ரையல்ஸ் ஓட்டுகிறவர் பின் சக்கரத்தில் மட்டும் நின்று குதிக்கிறார். அந்த நேரத்தில் பின் சக்கரம் ஒரு மில்லிமீட்டர் கூட உருளக்கூடாது. உருண்டால் பாறையில் இருந்து கீழே வருவார். பிரேக்கிடம் அவர் கேட்பது வண்டியை மெதுவாக நிறுத்தும் வேலை அல்ல. ஒரு விரலால் தொட்டதும் சக்கரத்தைப் பூட்டுகிற வேலை. அதற்காக அவர்கள் ஜெர்மனியின் பாட் உராஹ் ஊரைச் சேர்ந்த மகுரா கம்பெனியின் ஹைட்ராலிக் ரிம் பிரேக்கைப் போட்டார்கள். ரிம்மை கிரைண்டரில் கீறினார்கள். அந்தக் கீறலுக்குத் தோதான கடினமான பிரேக் கட்டைகளைத் தேடிப் பிடித்தார்கள். கீறாத ரிம்மில் கொஞ்சம் தார் தடவிக்கொள்கிறவர்களும் உண்டு. ஆமாம், ரோடு போடுகிற அதே தார்தான்.

இதற்கெல்லாம் விலை இருக்கிறது. கீறல் மழுங்கும், மறுபடி தேய்க்க வேண்டும். ஒவ்வொரு தேய்ப்பிலும் ரிம்மின் பக்கச் சுவர் மெலியும். பிரேக் கட்டை அரம் போட்டு ராவியது மாதிரி கரையும். சத்தம் தெருக்கோடி வரை கேட்கும். அவர்களுக்கு இது தெரியும். ரிம்மைத் தேய்ந்து தீர்கிற பொருளாகத்தான் வைத்திருக்கிறார்கள், கொஞ்ச காலம் ஓட்டிவிட்டு மாற்றிவிடுவார்கள். விளையாட்டுக்கு அது சரி.

சரி, எந்த டிஸ்க்?

கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் அறிவுரை சொல்கிற சீனியர்களை எனக்கும் பிடிக்காது. அதனால் முதலில் பதில்.

ஹார்டுவேர் கடையில் டிஸ்க் வாங்கினால் மேலே ஒரு குறியீடு அச்சடித்திருக்கும். உதாரணமாக, ஏ 24 ஆர் பிஎஃப். 'ஏ' என்றால் அலுமினியம் ஆக்ஸைடு துகள், 'சி' என்றால் சிலிக்கன் கார்பைடு. 24 என்பது துகளின் அளவு, எண் குறைந்தால் துகள் பெரிது. 'ஆர்' என்பது துகளைப் பிடித்திருக்கும் பசையின் கடினம். 'பிஎஃப்' என்றால் ரெசின் பசை, உள்ளே இழைவலை வைத்து பலப்படுத்தியது. மேனுஃபேக்சரிங் பேப்பரில் ரெண்டு மார்க்குக்குப் படித்தோமே, அதே சமாச்சாரம்தான். கையில் டிஸ்க்கைத் திருப்பிப் பார்க்கும்போது யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

சாதாரண இரும்பு கிரைண்டிங் வீல், அதாவது 6 மி.மீ. கனமுள்ள, நடு குழிந்த டிசி வீல், அலுமினியத்துக்கு ஆகாது. அலுமினியம் மிருதுவானது, 660 டிகிரியில் உருகிவிடும். தேய்க்கும்போது இளகி, டிஸ்க்கின் துகள் இடுக்குகளில் போய் அப்பிக்கொள்ளும். அடைத்த டிஸ்க் வெட்டாது, வெறுமனே உரசிச் சூடாகும். சூடானால் நாம் இன்னும் அழுத்துவோம். அழுத்தினால் ரெசின் பசை தளரும், டிஸ்க் பேலன்ஸ் போகும், சிதறவும் செய்யலாம்.

1 மி.மீ. கட்டிங் வீல் வெட்டுவதற்கு மட்டும். அதைப் பக்கவாட்டில் சாய்த்து உரசுவது ஒர்க்‌ஷாப்பில் நடக்கிற தவறுகளிலேயே மோசமானது. பிஸ்கட் மாதிரி உடையும்.

ஃபிளாப் டிஸ்க், அந்த எமரித் தாள் அடுக்கு, மழமழப்பாக ஃபினிஷ் கொடுக்கத்தான். சொரசொரப்பு வேண்டும் என்று போய் அதைப் போட்டால் ரிம் மெலிந்து மினுமினுக்கும், பிடிமானம் கிடைக்காது. டைல்ஸ் வெட்டும் டைமண்ட் பிளேடு ஆழமாகப் பள்ளம் போட்டுவிடும், மெல்லிய சுவரில் அந்தப் பள்ளமே விரிசலுக்கு ஆரம்பம்.

ட்ரையல்ஸ்காரர்கள் பெரும்பாலும் நாடுவது கல், கான்கிரீட்டுக்கான 'சி' வகை டிஸ்க்கை. சிலிக்கன் கார்பைடு துகள் கூர்மையானது, ஓரம் உடைந்து உடைந்து புதுக் கூர் கொடுக்கும், அலுமினியம் அவ்வளவு சீக்கிரம் அப்பாது. அதையும் அழுத்தித் தேய்ப்பதில்லை. வீலை மெதுவாகச் சுற்றிக்கொண்டே ரிம்மை லேசாகத் தொட்டுத் தொட்டு எடுப்பார்கள். சின்னச் சின்னக் கீறலாக, நெருக்கமாக, ஒரே ஆழத்தில் விழ வேண்டும்.

ஆக, பதில்: 'சி' வகை ஸ்டோன் டிஸ்க், புதுசு, மிஷினின் கார்டு கழட்டாமல். நம் 4 இன்ச் மிஷின் நிமிடத்துக்கு 11,000 சுற்று சுற்றினால் டிஸ்க்கின் ஓரம் விநாடிக்கு சுமார் 58 மீட்டர் ஓடுகிறது. மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல். அந்த வேகத்தில் ஒரு துண்டு கிளம்பினால் எங்கே போகும் என்று நாம் முடிவு செய்ய முடியாது. கார்டு இல்லாமல் ஓட்டுகிற எந்த சீனியரையும் நம்பாதீர்கள். ரெசின் டிஸ்க்குக்கு காலாவதி தேதி உண்டு, நடுவில் இருக்கும் உலோக வளையத்தில் பாருங்கள். பல பேர் அதைக் கவனிப்பதே இல்லை. அப்புறம், இரும்பு தேய்த்த இடத்தில் அப்படியே அலுமினியம் தேய்க்காதீர்கள். நுண்ணிய அலுமினியத் தூசி தீப்பிடிக்கக்கூடியது, பக்கத்தில் இரும்புப் பொறி பறந்தால் ஆபத்து.

பதில் சொல்லியாயிற்று. இனி என் கதை.

ரெண்டாம் வருஷம், என் ரிம்

நான் ரெண்டாம் வருஷம் படிக்கும்போது என் சைக்கிளின் முன் ரிம்மை நானே தேய்த்தேன். அலாய் ரிம்தான். டிஸ்க் எது என்று யாரையும் கேட்கவில்லை, மிஷினில் எது மாட்டியிருந்ததோ அதுவே. முதல் ரெண்டு நாள் பிரமாதம். லீவரைத் தொட்டாலே வண்டி நின்றது. ஹாஸ்டலில் எல்லோருக்கும் ஓட்டிக் காட்டினேன். மூணு வாரத்தில் பிரேக் கட்டை பாதி காலி. நாலாவது வாரம் கேன்டீன் முன்னாடி ஒரு நாய் குறுக்கே வந்தது. வழக்கம்போல முன் பிரேக்கை அமுக்கினேன். நான் தேய்த்த கீறல் ஒரே சீராக இல்லை. ஓரிடத்தில் ஆழம், ஓரிடத்தில் மேலோட்டம். ஆழமான இடம் கட்டையைக் கவ்வியதும் சக்கரம் அப்படியே நின்றது. சைக்கிள் நின்றது, நான் நிற்கவில்லை.

முன்பல் ஒன்று பாதி போனது, இடது மணிக்கட்டில் ஒன்றரை மாசம் மாவுக்கட்டு. வீட்டில் "படிக்கட்டில் வழுக்கிட்டேன்" என்று சொன்னேன். அம்மா இதைப் படித்தால் இப்போதுதான் உண்மை தெரியும்.

அன்றைக்கு நான் போடாத கணக்கு ஒன்று இருக்கிறது.

ஒரு சின்ன கணக்கு

பிரேக் என்பது ஒரு சங்கிலி. கை, லீவர், கேபிள், கட்டை, ரிம், டயர், ரோடு. இதில் எது பலவீனமோ அதுதான் வண்டி எவ்வளவு சீக்கிரம் நிற்கும் என்பதைத் தீர்மானிக்கும். மற்றதை எவ்வளவு பலப்படுத்தினாலும் பயன் இல்லை.

நாம் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும்போது நம் எடையின் மையம் தரையில் இருந்து சுமார் 1.1 மீட்டர் உயரத்தில், முன் சக்கரம் தரையைத் தொடும் இடத்துக்கு சுமார் 0.6 மீட்டர் பின்னால் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மொமென்ட் எடுத்துப் பாருங்கள். 0.6ஐ 1.1ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 0.55. அதாவது, புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதிக்குச் சற்று மேலே போனால் பின் சக்கரம் தூக்கிவிடும், நாம் ஹேண்டில்பார் மேலே பறப்போம். காய்ந்த ரோட்டில், நல்ல நிலையில் இருக்கும் ஒரு சாதாரண பவர் பிரேக் இந்த எல்லையைத் தொட்டுவிடும். அப்படியிருக்க ரிம்மை இன்னும் சொரசொரப்பாக்கி என்ன லாபம்? நிற்கும் தூரம் குறையாது. விழுவதற்கு முன் கிடைக்கும் எச்சரிக்கைதான் குறையும். எனக்கு நடந்தது அதுதான்.

பின் பிரேக்கை மட்டும் பிடித்தால்? பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்கிறது, பின் டயரின் பாரம் குறைகிறது. டயருக்கும் ரோட்டுக்கும் உராய்வுக் குணகம் 0.8, ரெண்டு சக்கரத்துக்கும் இடையே 1.05 மீட்டர் என்று போட்டால், பின் பிரேக்கால் அதிகபட்சம் கிடைப்பது சுமார் 0.25 ஜி. அதற்கு மேல் போனால் பின் டயர் வழுக்கும். டயர் வழுக்க ஆரம்பித்த பிறகு ரிம் எவ்வளவு சொரசொரப்பாக இருந்தால் என்ன?

தூரமாகப் பார்ப்போம். சமதளத்தில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம். 0.5 ஜியில் நிறுத்தினால் சுமார் 3 மீட்டரில் நிற்கலாம். பின் பிரேக் மட்டும், 0.25 ஜி என்றால் 6 மீட்டருக்கு மேல். பிரேக் நனைந்து, கிடைப்பது 0.1 ஜி மட்டும் என்றால் கிட்டத்தட்ட 16 மீட்டர். லீவரை அமுக்குவதற்கு முன்னால் மூளை எடுத்துக்கொள்ளும் நேரத்தை இதில் சேர்க்கவில்லை. நம் சரிவில் இந்த எண்கள் இன்னும் மோசமாகும்.

முன் பிரேக் எங்கே?

திரும்ப அந்த ஜூனியருக்கு வருகிறேன். அவன் கையில் இருந்த வீலைத் திருப்பிப் பார்த்தேன். ஃப்ரீவீல் இருந்தது. பின் சக்கரம்.

"முன் வீல் எங்கடா? அதுவும் தேய்க்கணுமா?"

"இல்லண்ணா, முன்னாடி பிரேக் இல்ல. வாங்கின புதுசுலயே கேபிளைக் கழட்டிட்டேன்."

"ஏன்?"

"முன் பிரேக் பிடிச்சா தூக்கி அடிச்சிரும்னு சொன்னாங்கண்ணா. ரெண்டு வருஷம் முன்னாடி யாரோ ஒரு அண்ணா கேன்டீன் வாசல்ல அப்படித்தான் விழுந்து பல்லு போச்சாம்."

கூட இருந்த என் நண்பர்கள் சிரித்த சிரிப்பில் மிஷினை ஆஃப் செய்ய வேண்டியதாயிற்று. எனக்கு சிரிப்பு வரவில்லை. நான் தேய்த்த ரிம்மின் கதை ஹாஸ்டலில் பரவி, காரணம் எல்லாம் உதிர்ந்துபோய், "முன் பிரேக் ஆபத்து" என்ற ஒரு வரியாக மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதைக் கேட்ட ஒரு பையன் முன் பிரேக்கைக் கழட்டிவிட்டு, மழையில் பின் பிரேக்கை மட்டும் நம்பி அந்தச் சரிவில் இறங்கியிருக்கிறான். பஸ் டிரைவர் சுதாரிக்காமல் இருந்திருந்தால்? யோசிக்கவே பிடிக்கவில்லை.

அவன் ரிம்மையும் பார்த்தேன். குரோம் பூசிய இரும்பு ரிம். பளபளவென்று இருந்தது. மழையில் பிரேக் பிடிக்காததற்கு அந்தப் பளபளப்பும் ஒரு காரணம்தான், அதில் அவன் சொன்னது தவறில்லை. எம்ஐடி பேராசிரியர் டேவிட் கார்டன் வில்சனின் 'பைசிக்ளிங் சயின்ஸ்' புத்தகத்தில் இதைப் பற்றி விவரமாகவே இருக்கிறது. சாதாரண ரப்பர் கட்டையும் குரோம் இரும்பு ரிம்மும் நனைந்தால், காய்ந்திருக்கும்போது இருந்த உராய்வில் பத்தில் ஒரு பங்கு கூடத் தேறாது. அலுமினியம் ரிம்மும் மழையில் பிடிப்பு குறையும்தான், ஆனால் இந்த அளவுக்கு மோசம் இல்லை.

"அப்படின்னா குரோமைத் தேய்ச்சு எடுத்துட்டா?" என்றான். புத்திசாலிக் கேள்வி. ஆனால் குரோம் அங்கே இருப்பதே துருவைத் தடுக்கத்தான். மேலே இருக்கும் குரோம் ஒரு மைக்ரானுக்கும் கீழேயான பூச்சு, அடியில் கொஞ்சம் நிக்கல். கிரைண்டர் ஒருமுறை தொட்டால் காலி. ஹாஸ்டல் சைக்கிள் ஸ்டாண்டில் ஒரு மழைக்காலம் நின்றால் துரு, துரு உதிர்ந்து கட்டையில் ஏறும், மெல்லிய தகடு இன்னும் மெலியும். ட்யூபில் இருக்கும் காற்று எப்போதும் ரிம்மின் பக்கச் சுவரை வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. சுவர் பிய்ந்தால் அது மெதுவாகப் பிய்யாது. பிரேக் பிடிக்கிற இடத்தில் புள்ளி புள்ளியாகப் பள்ளம் அச்சடித்த இரும்பு ரிம்கள் முன்பே வந்ததுண்டு. மழைப் பிரச்சினையை அவை தீர்த்துவிடவில்லை. அலுமினியம் ரிம்தான் அந்த இடத்தைப் பிடித்தது. இங்கிலாந்தில் இரும்பு ரிம்முக்கென்றே தோல் ஒட்டிய பிரேக் கட்டை விற்றார்கள். மழைக்கு ரிம்மை விட்டுவிட்டு கட்டையை மாற்றியிருக்கிறார்கள்.

பழைய ராடு பிரேக் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வண்டியில் கட்டை பிடிப்பது ரிம்மின் பக்கவாட்டில் அல்ல, ஸ்போக்ஸ் கம்பி இறங்கும் உள்பக்கத்தில். அங்கே கிரைண்டரைக் கொண்டுபோனால் கம்பிதான் அறுபடும்.

என்ன செய்தோம்

அன்று மிஷினை எடுக்கவில்லை. அவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு கேட்டுக்கு எதிரே இருக்கும் சைக்கிள் கடைக்குப் போனோம். கடைப் பெரியவர் வண்டியை ஒரு சுற்று பார்த்துவிட்டு, "முன் பிரேக் இல்லாம எப்படி தம்பி ஓட்டுறே?" என்றார். நாங்கள் இவ்வளவு நேரம் போட்ட கணக்கை எல்லாம் அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார்.

முன் பிரேக்குக்குப் புதுக் கேபிளும் கட்டையும் மாட்டினார். பின்னால் துருப்பிடித்த கேபிளை எடுத்துவிட்டு, அவுட்டருக்குள் ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு, வேறு கேபிள் போட்டார். கையின் பலத்தில் பாதி அந்தத் துருவிலேயே போய்க்கொண்டிருந்தது. பின் கட்டைகள் கல்லாக இறுகி, கண்ணாடி மாதிரி பளபளத்தன, அதையும் மாற்றினார். பின் வீல் ஒரு பக்கம் கோணியிருந்ததைப் பெண்டு எடுத்தார். வீல் கோணலாக இருந்தால் கட்டையை ரிம்முக்குக் கிட்டத்தில் வைக்க முடியாது, லீவர் ஹேண்டில்பாரைத் தொட்டுவிடும். ரிம்மில் படிந்திருந்த எண்ணெய்ப் பிசுக்கை நாங்கள் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரும் சோப்பும் போட்டுக் கழுவினோம். கட்டையின் முன் நுனி ரிம்மை முதலில் தொடும்படி மயிரிழை சாய்த்து வைத்தார், கீச் சத்தம் வராது.

அலாய் ரிம்காரர்களுக்கு: உங்கள் ரிம்மும் கட்டையும் பளபளப்பேறி வழுக்கினால் உப்புத்தாள் போதும். 120 அல்லது 220 நம்பர் தாளை வைத்து கையால் லேசாகத் தேய்த்துத் துடையுங்கள். கட்டையில் குத்தியிருக்கும் மணல், அலுமினியத் துணுக்குகளை ஊசியால் நோண்டி எடுங்கள். ரிம்முக்குத் தேவையான சொரசொரப்பு அவ்வளவுதான்.

செலவு? அவன் கையில் இருந்த பாக்கெட் மணியிலேயே முடிந்தது. நல்ல பிராண்டு டிஸ்க், கண்ணாடி, கையுறை எல்லாம் ஒழுங்காக வாங்கியிருந்தால் அதிகம் ஆகியிருக்கும்.

பிறகு சரிவின் அடியில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டோம். யாரும் வராத நேரமாகப் பார்த்து, மெதுவான வேகத்தில் இறங்கி, கோட்டில் பிரேக் பிடிக்க வேண்டும். ரிம்மில் பாட்டிலால் தண்ணீர் ஊற்றி ஒரு தடவை, ஊற்றாமல் ஒரு தடவை. முன் பிரேக்கை ஒரேயடியாக அமுக்காமல், பின் பிரேக்கோடு சேர்த்துப் படிப்படியாக இறுக்குவதை அவன் அங்கேதான் பழகினான். உடம்பைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி, கையை ஊன்றிக்கொண்டால் தூக்கி அடிக்காது என்பதும் அங்கேதான் அவனுக்குப் புரிந்தது. தண்ணீர் ஊற்றியபோது வண்டி கோட்டைத் தாண்டித்தான் நின்றது. இரும்பு ரிம், வேறு எப்படி நிற்கும்? அதனால் மழை நாளில் ரெண்டு விதி: சரிவுக்கு முன்னாலேயே பிரேக்கை லேசாகப் பிடித்து விட்டு ரிம்மில் இருக்கும் தண்ணீரைத் துடைக்க வேண்டும். அதற்கும் நம்பிக்கை இல்லையென்றால் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். வெட்கப்பட ஒன்றுமில்லை. நானும் தள்ளிக்கொண்டுதான் போகிறேன்.

"அப்போ எதையும் நோண்டவே கூடாதா?"

இதை எழுதப்போகிறேன் என்று சொன்னதும் என் ரூம்மேட் கேட்டது இது. "இன்ஜினியரிங் படிச்சுட்டு கிரைண்டரைத் தொடாதேன்னு சொல்றியா? அப்புறம் எதுக்கு மச்சி மெக்கானிக்கல்?"

தொடாதே என்று சொல்லவில்லை. பழைய இரும்புக் கடையில் ஒரு அலாய் ரிம் வாங்கி வந்து, டிஸ்க் டிஸ்க்காக மாற்றித் தேய்த்து, பிரேக் கட்டையை ஒரே எடையால் அழுத்தி, காய்ந்தபோது எவ்வளவு, நனைந்தபோது எவ்வளவு என்று ஸ்பிரிங் பேலன்ஸ் வைத்து இழுத்துப் பாருங்கள். அருமையான மினி ப்ராஜெக்ட். உண்மையிலேயே ட்ரையல்ஸ் பழக ஆசை என்றால் அதற்கென்று தனி வண்டி வைத்து, ஹெல்மெட் போட்டு, அந்த ரிம்மைத் தாராளமாகத் தேய்த்துக்கொள்ளுங்கள். 'சி' வகை ஸ்டோன் டிஸ்க், மறக்காதீர்கள். காலை எட்டரை மணி கிளாஸுக்கு ஓடுகிற சைக்கிளில், கேட்டுக்கு வெளியே பஸ் போகிற ரோட்டில் வேண்டாம்.

எனக்கு உண்மையான வருத்தம் நம் பழக்கத்தின் மேல்தான். "எந்த டிஸ்க்", "எந்த சாஃப்ட்வேர்", "எந்த சென்சார்" என்று கேட்க நமக்கு நன்றாக வருகிறது. எது கெட்டுப்போயிருக்கிறது என்று கேட்க வருவதில்லை. அந்த ஜூனியர் மூணு ராத்திரி வீடியோ பார்த்திருக்கிறான். எதிர்க் கடையில் மூணு நிமிடம் வண்டியைக் காட்டவில்லை. நானும் அவன் வயதில் காட்டவில்லை. விழுந்த பிறகும், ஏன் விழுந்தேன் என்று யாருக்கும் சொல்லாமல் பல்லை மறைத்துக்கொண்டு திரிந்தேன். அன்றைக்கே சொல்லியிருந்தால் அவன் கேபிளைக் கழட்டியிருக்க மாட்டான்.

ஒரு யோசனை. அக்டோபரில் மழை பிடிப்பதற்குள் ஒரு சனிக்கிழமை, ஹாஸ்டல் சைக்கிள் ஸ்டாண்டிலேயே ஒரு பிரேக் செக்கப் வைப்போம். எதிர்க் கடைப் பெரியவரிடம் பேசிவிட்டேன், வருகிறேன் என்கிறார், அவருக்கு உரிய கூலியை நாம் பிரித்துக் கொடுத்துவிடலாம். ஸ்பேனர் செட்டும் உப்புத்தாளும் நான் கொண்டுவருகிறேன். உங்கள் பங்குக்கு, இன்றைக்குச் சாயங்காலமே ஸ்டாண்டுக்குப் போய் ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். முன் பிரேக் லீவரை அமுக்கி, வண்டியை முன்னால் தள்ளிப் பாருங்கள். சக்கரம் உருண்டால் அந்த சனிக்கிழமை முதல் ஆளாக வந்து நில்லுங்கள்.

நேற்று அந்த ஜூனியரைக் கேட்டில் பார்த்தேன். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. சரிவு முழுக்க வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்து, ரோடு வந்ததும் ஏறி உட்கார்ந்து, கை காட்டிவிட்டுப் போனான்.